ஒரு பொத்தான் எப்போது இறக்கலாம்?

‘மூடு’ என்று எழுதிய ஒரு பொத்தானால்தான் இந்தப் பதிவு. சிறிய தொடுதிரைக் கருவி ஒன்றுக்காக நான் சி மொழியில் எழுதிவரும் வரைகலை இடைமுக நூலகத்தில், உரையாடல் பெட்டியின் வலது கீழ் மூலையில் அந்தப் பொத்தான் இருந்தது. அதைத் தொட்டால் அதன் கால்பேக் ஃபங்ஷன் (நிகழ்வு நேரும்போது அழைக்கும்படி பதிவுசெய்துவைத்த ஃபங்ஷன்) உரையாடல் பெட்டியை அழிக்கும். பெட்டி தன் பிள்ளைகளை அழிக்கும். அந்தப் பிள்ளைகளில் பொத்தானும் ஒன்று. எல்லாம் அழிந்து முடிந்த பிறகு கட்டுப்பாடு திரும்பி வருவது எங்கே என்றால், அதே பொத்தானின் நிகழ்வைக் கையாண்டுகொண்டிருந்த ஃபங்ஷனுக்குத்தான். அது நடந்தது ஒன்றும் அறியாமல், ‘அழுத்தப்பட்டிருக்கிறது’ என்னும் கொடியை அணைக்கும் தன் கடைசி வரியை, ஏற்கெனவே விடுவிக்கப்பட்ட நினைவகத்தில் எழுதியது.

மடிக்கணினியில் எஸ்டிஎல் என்னும் வரைகலை நூலகத்தின் சாளரத்துக்குள் ஓட்டிப் பார்த்த மூன்று வாரமும் எந்தக் குறையும் தெரியவில்லை. 64 கிலோபைட் ரேம் கொண்ட பலகையில் ஏற்றிய அன்று, முதல் தொடுதலிலேயே திரை உறைந்தது. அங்கே இடம் குறைவு என்பதால், விடுவித்த துண்டை அடுத்து வந்த திரையின் தலைப்பு எழுத்துக்கு உடனே ஒதுக்கிவிட்டிருந்தது. நாம் அணைத்த ஒரு பிட், அந்தத் தலைப்பின் வகுப்பைச் சுட்டும் முகவரியில் போய் விழுந்தது. கம்பைலரில் நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரை இயக்கி மடிக்கணினியில் மீண்டும் ஓட்டினேன். எங்கே தொட்டாய், எங்கே விடுவித்தாய், எங்கே ஒதுக்கினாய் என்று மூன்று அழைப்பு அடுக்குகளையும் (எந்த ஃபங்ஷனை எது அழைத்தது என்ற வரிசை) ஒன்றன்கீழ் ஒன்றாக அது அச்சிட்டது. விடுவித்த அடுக்கை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு போனால், அழிக்கப்பட்டவரின் ஃபங்ஷனே அடியில் நின்றுகொண்டிருந்தது.

திரையில் வரும் எல்லாவற்றுக்கும் பொதுவான அடிப்படைப் பொருள் முறை ஒன்றை வடிவமைக்க உட்கார்ந்தபோது, என் நேரத்தின் பெரும்பகுதியை மரபுரிமைக்குத்தான், அதாவது ஒரு வகை இன்னொன்றின் இயல்புகளைப் பெறும் ஏற்பாட்டுக்குத்தான், செலவிட்டிருந்தேன். சி மொழியில் வகுப்புகள் இல்லை, ஆகவே அதுதான் கடினமாக இருக்கும் என்று நினைத்தேன். உண்மையில் அந்த வேலையைச் சி மொழியே பாதி முடித்துவைத்திருக்கிறது. பல உறுப்புகளை ஒன்றாகக் கட்டிவைக்கும் ஒரு ஸ்ட்ரக்ட்டின் முகவரியும் அதன் முதல் உறுப்பின் முகவரியும் ஒன்றே, தொடக்கத்தில் வெற்று இடம் எதுவும் செருகப்படாது என்று மொழியின் தரநிலை உறுதி தருகிறது. ஆகவே பொத்தானின் ஸ்ட்ரக்ட்டில் முதல் உறுப்பாக அடிப்படைப் பொருளின் ஸ்ட்ரக்ட்டை வைத்துவிட்டால், பொத்தானின் பாயிண்டரை (அதன் முகவரியை) அடிப்படைப் பொருளின் பாயிண்டராக மாற்றிக்கொண்டு எந்தப் பொது ஃபங்ஷனுக்கும் கொடுக்கலாம். யூனிக்ஸின் எக்ஸ் சாளர முறைக்கான எக்ஸ் டூல்கிட், லினக்ஸில் பரவலான ஜிடிகே, சிறு கருவிகளுக்கான எல்விஜிஎல் என்று நான் படித்துப் பார்த்த எல்லா இடைமுக நூலகங்களும் இந்த ஒரு உறுதியின் மேல்தான் நிற்கின்றன.

வேறுபாடு வருவது, வகுப்பின் ஃபங்ஷன் அட்டவணையை எப்படி நிரப்புவது என்பதில். 1980களின் இறுதியில் உருவான எக்ஸ் டூல்கிட்டில் ஒவ்வொரு விட்ஜெட்டுக்கும் (பொத்தான் போன்ற திரை உறுப்பு) இரண்டு பதிவுகள் உண்டு: வகுப்புக்கு ஒன்று, ஒவ்வொரு உருப்படிக்கும் ஒன்று. வகுப்புப் பதிவை நிரலர் தம் கையால் ஒவ்வொரு கட்டமாக நிரப்ப வேண்டும்; பெற்றோர் வகுப்பின் ஃபங்ஷனே போதும் என்றால் அந்தக் கட்டத்தில் ‘எக்ஸ்டிஇன்ஹெரிட்எக்ஸ்போஸ்’ போன்ற ஓர் அடையாளத்தை எழுதிவைத்தால், வகுப்பைத் தொடங்கும்போது நூலகம் அதை எடுத்துவிட்டுப் பெற்றோரின் முகவரியைப் போட்டுக்கொள்ளும். ஜிடிகேயின் அடிப்படைப் பொருள் முறையான ஜிஆப்ஜெக்ட் இதைவிட எளிதாகச் செய்கிறது. பெற்றோரின் வகுப்பு ஸ்ட்ரக்ட் முழுவதையும் அப்படியே நகலெடுத்துப் பிள்ளை வகுப்பின் தொடக்கத்தில் வைத்துவிடுகிறது. பிள்ளை தனக்கு மாற வேண்டியதை மட்டும் மேலெழுதினால் போதும். அட்டவணை நிரப்பும் சலிப்பு இதில் அடியோடு போய்விடுகிறது. ஆனால் வகுப்பு ஸ்ட்ரக்ட் ஓடும் நேரத்தில் ரேமில் உருவாகிறது என்பதுதான் அதற்கான விலை.

64 கிலோபைட்டில் இருப்பவன் அந்த விலையைக் கொடுக்க மாட்டான். எல்விஜிஎல்லின் 8ஆம் பதிப்பு, 2021இல், எடுத்த வழி எனக்குப் பிடித்தது: வகுப்பு என்பது மாறிலியாக அறிவிக்கப்பட்ட ஒரு ஸ்ட்ரக்ட், அதில் பெற்றோர் வகுப்பின் முகவரி, ஆக்கும் ஃபங்ஷன், அழிக்கும் ஃபங்ஷன், நிகழ்வுக்கான ஃபங்ஷன், உருப்படியின் அளவு ஆகியவை இருக்கும். மாறிலி என்பதால் அது ஃபிளாஷ் நினைவகத்திலேயே தங்கிவிடும், ரேமில் ஒரு பைட்கூட எடுக்காது. ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் பெற்றோருக்குப் போய்த் தேட வேண்டும் என்பது மட்டும்தான் கூடுதல் வேலை. அந்தத் தேடலில் மூன்று படிக்குமேல் ஏற வேண்டிய வகுப்பு எதுவும் என் நூலகத்தில் இல்லை. பெரிய நூலகங்களிலும் மரபு வரிசை குறைந்துகொண்டுதான் வருகிறது: ஜிடிகே 3இல் பொத்தானுக்கும் விட்ஜெட்டுக்கும் இடையில் ‘கன்டெய்னர்’, ‘பின்’ என இரண்டு வகுப்புகள் நின்றன, 2020 டிசம்பரில் வந்த ஜிடிகே 4 அந்த இரண்டையும் நீக்கிவிட்டுப் பொத்தானை நேரே விட்ஜெட்டின் பிள்ளையாக்கியது.

ஆக்கும் வரிசையில் ஒரு நுணுக்கம் மட்டும் என்னைச் சற்று அலைக்கழித்தது. பெற்றோர் வகுப்பின் ஆக்கும் ஃபங்ஷன் முதலில் ஓட வேண்டும், பிறகுதான் பிள்ளையுடையது. பெற்றோர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஏதேனும் நிகழ்வை அனுப்பினால், அது பிள்ளையின் ஃபங்ஷனுக்குப் போய்ச் சேர்ந்து, இன்னும் நிரப்பப்படாத உறுப்புகளைத் தொட்டுவிடும். எல்விஜிஎல்லும் ஜிஆப்ஜெக்ட்டும் ஒரே விடையைத்தான் வைத்திருக்கின்றன: ஆக்கம் எந்தப் படியில் நடக்கிறதோ அந்தப் படியின் வகுப்பாகவே அந்தப் பொருள் தற்காலிகமாக நடிக்கும், பொருளுக்குள் இருக்கும் வகுப்புப் பாயிண்டர் ஒவ்வொரு படிக்கும் மாற்றி எழுதப்படும். நானும் அதையே எடுத்துக்கொண்டேன். அழிக்கும்போது வரிசை தலைகீழ்.

அடுத்து, அடிப்படைப் பொருள் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற கேள்வி. 64 பிட் கணினியில் ஒரு ஜிஆப்ஜெக்ட் 24 பைட்தான்: வகுப்பின் முகவரிக்கு 8, பொருளைப் பிடித்திருப்பவர் எத்தனை பேர் என்னும் ரெஃபரன்ஸ் எண்ணிக்கைக்கு 4, அதையொட்டி 4 பைட் இடைவெளி, கூடுதல் தரவுக்கான பாயிண்டருக்கு 8. சிக்னல்களுக்கு (‘இது நடந்தது’ என்று பொருள் வெளியிடும் அறிவிப்புகள்) பதிவுசெய்த கால்பேக்குகள் எங்கே என்று முதன்முதலில் தேடியபோது குழம்பினேன்; அவை பொருளுக்குள் இல்லவே இல்லை. பொருளின் முகவரியைத் திறவுகோலாக வைத்து, வெளியே ஒரு பொது அட்டவணையில் இருக்கின்றன. யாரும் கேட்காத சிக்னலுக்காக எந்தப் பொருளும் இடம் தருவதில்லை.

என் முதல் வடிவம் இதற்கு நேர்மாறாக இருந்தது. பிள்ளைகளின் பட்டியல், கால்பேக் பட்டியல், தோற்ற அமைப்பு, பயனர் தரவு எல்லாவற்றையும் அடிப்படைப் பொருளிலேயே திணித்திருந்தேன். 32 பிட் பலகையில் அது 44 பைட் ஆனது. திரையில் இருப்பவற்றில் பெரும்பாலானவை வெறும் எழுத்தைக் காட்டும் லேபிள்கள். அவற்றுக்குப் பிள்ளைகளும் இல்லை, அவற்றைத் தொடுவாரும் இல்லை. எல்விஜிஎல் இந்த மாதிரியானவற்றைத் தேவைப்படும்போது மட்டும் ஒதுக்கப்படும் ஒரு தனி இணைப்புத் துண்டில் வைக்கிறது. அதைப் பின்பற்றி என்னுடையதை 24 பைட்டாகச் சுருக்கினேன்: வகுப்புக்கு 4, தன்னைத் தாங்கும் பெற்றோருக்கு 4, இணைப்புத் துண்டுக்கு 4, செவ்வகத்தின் நான்கு எண்களுக்கு 8, கொடிகளுக்கு 2, இன்னொரு எண்ணிக்கைக்கு 2. 150 லேபிள்கள் கொண்ட அமைப்புகள் திரையில் இதனால் மிச்சமானது 3,000 பைட். கடைசியாகச் சொன்ன அந்த 2 பைட் எண்ணிக்கை முதல் வடிவத்திலும் இருந்தது, ஆனால் அப்போது அதில் பயனற்ற ஒரு வரிசை எண்ணைத்தான் வைத்திருந்தேன். ‘மூடு’ பொத்தான் சிக்கலுக்குப் பிறகே அதற்கு உருப்படியான வேலை கிடைத்தது.

செவ்வகத்தை அடிப்படைப் பொருளிலேயே வைத்ததைக் குறை சொல்வோர் இருப்பார்கள், அதில் நியாயமும் உண்டு. ஜிடிகே முதலில் ஜிம்ப் என்னும் படத்தொகுப்பு மென்பொருளுக்காகப் பிறந்தது. பெர்க்லியில் மாணவர்களாக இருந்த ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மாட்டிஸும், அதுவரை பயன்படுத்திய மோட்டிஃப் நூலகத்துக்கு மாற்றாக அதை எழுதினார்கள். 1998இல் வந்த 1.0 பதிப்பில் அடிப்படைப் பொருள் ஜிடிகேயின் உள்ளேயே, ‘ஜிடிகேஆப்ஜெக்ட்’ என்ற பெயரில் இருந்தது. சிக்னலும் எண்ணிக்கையும் திரையே இல்லாத நிரலுக்கும் பயன்படும் என்பது தெளிவான பிறகு, 2002 மார்ச்சில் வந்த 2.0 பதிப்போடு அது ஜிடிகேக்கு அடித்தளமான ஜிலிப் என்னும் பொது நூலகத்தின் குடும்பத்துக்கு இடம்பெயர்ந்து ஜிஆப்ஜெக்ட் ஆனது. எக்ஸ் டூல்கிட்டிலும் உச்சியில் இருப்பது திரையறியாத ‘ஆப்ஜெக்ட்’. அதன்கீழ் செவ்வகம் மட்டும் அறிந்த ‘ரெக்ட்ஆப்ஜ்’. சாளரம் உள்ள ‘கோர்’ அதற்கும் கீழே. என் கருவியில் திரையில் வராத பொருள் என்று எதுவும் இல்லை. டைமருக்கு ஒரு ஸ்ட்ரக்ட்டும் ஒரு ஃபங்ஷனும் போதும். பொதுவான நூலகம் எழுதுகிறவர் நான் செய்ததைச் செய்யக் கூடாது.

பெயர் சொல்லி அணுகும் பண்புகளை நான் சேர்க்கவில்லை. பிற மொழிகளிலிருந்து அழைக்கவும், திரையமைப்பைக் கோப்பிலிருந்து படிக்கவும் ஜிஆப்ஜெக்ட்டுக்கு அவை இன்றியமையாதவை. எனக்கு அந்த இரண்டுமே இல்லை. அடிப்படை ஸ்ட்ரக்ட்டில் ஓர் உறுப்பைச் சேர்த்தால் ஏற்கெனவே கம்பைல் ஆன பயன்பாடுகளின் கணக்கெல்லாம் தவறிவிடும் என்பதும் என்னைத் தொடாத கவலைதான், ஏனெனில் நூலகமும் பயன்பாடும் ஒரே படிமமாகத்தான் பலகையில் ஏறுகின்றன. ஆனால் ஜிலிப் அதற்குக் கண்ட தீர்வைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஒரு வகுப்பின் அந்தரங்கத் தரவை, பொருளின் முகவரிக்குப் பின்னால் வைக்காமல், அதற்கு முன்னால், எதிர்மறைத் தொலைவில் வைக்கிறார்கள். முன்பக்கம் எவ்வளவு வளர்ந்தாலும் பின்பக்கத்துக் கணக்கு அசைவதில்லை. வீட்டை இடிக்காமல் முன்வாசலில் திண்ணையை நீட்டிக்கொண்டே போவதைப் போல.

இனி, சாவுக்கு வருகிறேன். என் பொத்தானுக்கு நேர்ந்தது எவருக்கும் நேரக்கூடியது என்பதால், மூத்தவர்கள் அதை எப்படிக் கையாண்டார்கள் என்று பார்த்தேன். ஜிடிகேயில் ஒவ்வொரு பொருளையும் பிடித்திருப்பவர் எத்தனை பேர் என்று ஓர் எண்ணிக்கை இருக்கிறது. சிக்னல் வெளியாகும் நேரம் முழுவதும் நூலகமே அந்தப் பொருளை ஒருமுறை பிடித்துக்கொள்கிறது. ஆகவே கால்பேக்குக்குள் என்ன நடந்தாலும் அது காலுக்கடியிலிருந்து நழுவாது. இது திடமான வழி. ஆனால் எண்ணிக்கை வந்தவுடன் அதன் சுற்றமும் வந்துவிடுகிறது. புதிதாக ஆக்கிய பொத்தானை ஒரே வரியில் பெட்டிக்குள் சேர்த்துவிட்டு மறந்துவிடுவது சி நிரலரின் இயல்பு. கண்டிப்பான எண்ணிக்கையில் அது நினைவகக் கசிவு, அந்தப் பொருள் ஒருபோதும் விடுவிக்கப்படாது. அதற்காக, பிறக்கும்போது யாருக்கும் சொந்தமில்லாத ‘மிதக்கும்’ பிடியோடு பொருளை ஆக்கி, முதலில் சேர்த்துக்கொள்ளும் பெட்டி அந்தப் பிடியைத் தனதாக்கிக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் பொருள்களின் வட்டத்தை உடைக்க, அழிவே இரண்டு கட்டமானது: பிறரை விட்டுவிடும் ‘டிஸ்போஸ்’ பலமுறை ஓடலாம், நினைவகத்தைத் திருப்பித்தரும் ‘ஃபைனலைஸ்’ ஒரே ஒருமுறை. ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றும் பயன்பாட்டை எழுதுகிறவர் தலையில் ஏற்றப்படும் ஒரு விதியும்கூட.

எல்விஜிஎல்லில், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய பொருள்களின் மரம்தான் உரிமையாளர். பெற்றோர் போனால் பிள்ளைகளும் போவார்கள். நிகழ்வின் நடுவில் பொருள் அழிந்தால், நடந்துகொண்டிருக்கும் நிகழ்வில் ‘அழிந்தது’ என்று குறித்துவிட்டு, நிகழ்வை அனுப்பும் ஃபங்ஷன் ‘செல்லாது’ என்ற மதிப்பைத் திருப்பித்தருகிறது. அழைத்தவர் அதைப் பார்த்தவுடன் வேறெதையும் தொடாமல் வெளியேற வேண்டும். மலிவான வழிதான், ஆனால் நிகழ்வை அனுப்பும் ஒவ்வோர் இடத்திலும் அந்தச் சோதனையை மறக்காமல் எழுத வேண்டும். நான் மறப்பேன், என்னை எனக்குத் தெரியும்.

எனக்குப் பெரிதும் வியப்பளித்தது எக்ஸ் டூல்கிட்தான். அதன் அழிக்கும் ஃபங்ஷன் எதையும் உடனே அழிப்பதில்லை. முதல் கட்டத்தில் அந்த விட்ஜெட்டிலும் அதன் கிளைகள் அனைத்திலும் ‘அழிக்கப்படுகிறது’ என்று குறித்து, ஒரு பட்டியலில் சேர்த்துவிடுகிறது. நடப்பு நிகழ்வுக்காக ஓட வேண்டிய எல்லா ஃபங்ஷன்களும் ஓடி முடிந்து, நிகழ்வை விநியோகிக்கும் ஃபங்ஷன் திரும்பும் தறுவாயில்தான் இரண்டாம் கட்டம். பிள்ளைகள் முதலிலும் பெற்றோர் பிறகுமாக அப்போதுதான் உண்மையான அழிவு நடக்கிறது. என் ‘மூடு’ பொத்தானைப் பற்றி அப்போதே யாரோ யோசித்துவைத்திருக்கிறார்கள்.

அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்: விநியோகத்தின் ஆழத்துக்கு ஓர் எண், ஒரு மரணப் பட்டியல், ஆழம் பூச்சியத்துக்கு வந்ததும் பட்டியலைக் காலிசெய்தல். நாற்பது வரிதான். ஒரு வாரம் நன்றாக ஓடியது. பிறகு, ‘அழிக்கவா?’ என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் பெட்டி ஒன்றை எழுதினேன். அது கால்பேக்குக்குள்ளேயே தனக்கென ஒரு நிகழ்வுச் சுழலை ஓட்டும். ஆகவே பயனர் பதில் சொல்லும்வரை ஆழம் ஒருபோதும் பூச்சியமாகாது. பின்னால் இருக்கும் திரை நொடிக்கொருமுறை தன் பட்டியலைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. பழைய வரிகள் இறந்தும் புதைக்கப்படாமல் குவிந்தன. யாரும் பதில் சொல்லாமல் கருவியை மேசையில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்வந்தால், திரும்பும்போது நினைவகம் தீர்ந்திருந்தது.

ஆகவே ஆழத்தை நூலகம் முழுமைக்கும் பொதுவாக வைக்காமல், ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக வைத்தேன். அந்த 2 பைட் எண்ணிக்கையின் வேலை இதுதான். ஒரு பொருளுக்கு நிகழ்வை அனுப்பும் முன் அதைக் கூட்டுவேன், திரும்பியதும் குறைப்பேன். அழிக்கச் சொன்னால், அந்தக் கிளை முழுவதையும் மரத்திலிருந்து வெட்டி, இறந்ததாகக் குறித்து, எண்ணிக்கை பூச்சியமாக உள்ளவற்றை அப்போதே விடுவித்துவிடுவேன். எண்ணிக்கை உள்ளவை மட்டும் பெற்றோர் இல்லாத பிணமாகக் காத்திருந்து, கடைசிக் குறைப்பில் விடுவிக்கப்படும். ஜிடிகேயின் எண்ணிக்கையைப் போலத் தோன்றினாலும் இதைப் பயன்பாட்டு நிரலர் ஒருபோதும் தொடுவதில்லை. தொடுவதற்கான ஃபங்ஷனே வெளியில் தெரியாது. உரிமை மரத்திடமே இருக்கிறது. எண்ணிக்கை, ஒரு நிகழ்வின் நேரத்துக்கு மட்டும் பிணத்தைக் காக்கும் காவல்.

இதிலும் ஒரு பள்ளம் இருந்தது. பொத்தானில் தொடங்கும் நிகழ்வு, அதைத் தாங்கும் வரிசைக்கும், பிறகு பெட்டிக்கும் மேலேறிப் போகும். பொத்தானின் கால்பேக் பெட்டியை அழித்துவிட்டால், பொத்தானின் பெற்றோர் பாயிண்டர் வெறுமையாகிவிடும். மேலேறுவது அங்கேயே நின்றுவிடும், அது சரிதான். ஆனால் நடுவில் உள்ள வரிசையின் கால்பேக் தன்னை மட்டும் மரத்திலிருந்து பிடுங்கி வேறொரு திரையில் நட்டுவிட்டால், நிகழ்வு சம்பந்தமில்லாத திரைக்குள் ஏறிப்போகிறது. இப்போது நிகழ்வு கிளம்பும் முன்பே மேலேறும் பாதை முழுவதையும் ஒரு சிறு அணியில் எழுதிக்கொண்டு, பாதையில் உள்ள அனைத்தின் எண்ணிக்கையையும் கூட்டிவிட்டுத்தான் முதல் கால்பேக்கை அழைக்கிறேன். பாதையில் இறந்தது எதிர்ப்பட்டால் அதைத் தாண்டிப் போகும். அந்த அணிக்கு 16 இடம் வைத்திருக்கிறேன். என் ஆழமான திரையே 7 படிதான்.

வெளியிலிருந்து பிடித்திருப்பவர்கள் கதை வேறு. நொடிக்கொருமுறை வெப்பநிலையை எழுதும் டைமர், ஒரு லேபிளின் முகவரியை வைத்திருக்கிறது. திரை மாறியபின் அந்த லேபிள் இல்லை, டைமர் இருக்கிறது. விண்டோஸ் போல, முகவரிக்குப் பதிலாக ஓர் அடையாள எண்ணை மட்டும் வெளியே கொடுத்தால் இது எளிதில் தீரும். ஆனால் ஒவ்வோர் அணுகலுக்கும் ஒரு தேடல் வேண்டும், பிழை தேடும் கருவியான டீபக்கரில் பாயிண்டரைத் திறந்து பார்க்கும் வசதியும் போய்விடும். ஜிஆப்ஜெக்ட்டின் பலவீனப் பாயிண்டர் முறையை எடுத்துக்கொண்டேன்: முகவரியை வைத்திருப்பவர் தம் மாறியின் இடத்தைப் பொருளிடம் பதிவுசெய்துவிட்டால், பொருள் இறக்கும்போது அந்த மாறியை வெறுமையாக்கிவிட்டுப் போகும். பதிவு இணைப்புத் துண்டில் இருப்பதால், கேட்காதவர்களுக்குச் செலவில்லை.

நூலகத்துக்குள்ளேயே இப்படி முகவரி பிடித்திருந்தவை மூன்று: கவனத்தில் உள்ள பொருள், விரல் அழுத்தியிருக்கும் பொருள், அசைவூட்டப் பட்டியல். முதல் இரண்டையும் பலவீனப் பாயிண்டருக்கு மாற்றிவிட்டேன். சோதனைக்காக, தாறுமாறான மரங்களை ஆக்கி, கால்பேக்குகள் கண்ட இடத்தில் கண்டதை அழிக்கும்படி ஒரு சிறு நிரலை எழுதி, சானிடைசரோடு இரவு முழுவதும் ஓடவிட்டேன். காலையில் ஒரே ஒரு அறிக்கை காத்திருந்தது. அசைவூட்டப் பட்டியல், மங்கி மறைந்துகொண்டிருந்த ஒரு பெட்டியின் இறந்த முகவரியில் ஒளிபுகும் அளவை எழுதிக்கொண்டிருந்தது. அதைத்தான் இந்த வாரம் திருத்திக்கொண்டிருக்கிறேன்.